வரப்பு வைக்கோலும் அக்காவின் நான்கு தொட்டிகளும்

அக்கா நம்மை விட்டுப் போய் இந்தப் பங்குனியோடு ஓராண்டு ஆகிறது. நினைவு நாள் பந்தலில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களுமாகிய நீங்கள் அட்டைப் படத்தைப் பார்த்துவிட்டு, அடுத்ததாக ஒரே ஒரு விஷயத்தைத்தான் தேடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அக்கா எதனால் இறந்தார்? "ஆயுசு பூரா பூஞ்சாணத்தோடயே குடித்தனம் பண்ணுனா. கடைசில அது அவளையே தின்னுட்டுது" என்று துக்கம் கேட்க வந்த இடத்திலேயே இரண்டு பேர் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. யார் என்று எழுத மாட்டேன். அவர்களும் இன்று சாப்பிட வந்திருப்பார்கள்.

நான் ஒரு சந்தேகப் பிராணி. அக்காவின் தம்பியான என்னை அறிந்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். ஆகவே அந்தப் பேச்சை நானும் சும்மா விடவில்லை. காரியம் முடிந்த கையோடு, அக்காவுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவரிடம் போய் நேரடியாகவே கேட்டேன். இருபது வருடச் சர்க்கரை, அதனால் சிறுநீரகம் கெட்டது, அதனால் இதயம் தளர்ந்தது என்று அவர் பொறுமையாகச் சொன்னார். ரத்தத்தில், சளியில், நுரையீரலில் எங்கேயாவது பூஞ்சை இருந்ததா என்று கேட்டேன். இல்லை என்றார். மறுபடியும் கேட்டேன். மூன்றாம் முறை கேட்டபோது அக்காவின் ஃபைலையே என் பக்கம் திருப்பி வைத்துவிட்டார். ஒவ்வொரு தாளாகப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். எனவே அந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடுங்கள்.

இந்தக் கட்டுரையை முறைப்படி எழுத வேண்டியவள் அக்காவின் மகள். அவள்தான் என்னை எழுதச் சொன்னாள். "நீங்களே எழுதுங்க மாமா. ஆனா அம்மா தெய்வம், அம்மா தியாகின்னு மட்டும் எழுதிட்டு நழுவிடாதீங்க. நடந்ததை எழுதணும். எழுதினதை அச்சுக்குக் குடுக்குறதுக்கு முன்னாடி எனக்குக் காட்டணும்" என்றாள். சந்தேகம் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் பொதுச் சொத்து. அக்கா மட்டும்தான் அதை உருப்படியான காரியத்துக்குப் பயன்படுத்தினார்.

எங்கள் ஊர் வலங்கைமான் பக்கம், குடமுருட்டி ஆற்றங்கரையில். ஆற்றின் கரை உடைத்துக்கொண்டு தெருவுக்குள் தண்ணீர் வந்த ஓர் ஐப்பசியில், பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடக் கட்டடத்தில் அக்கா பிறந்தார். "ஈரத்துல பொறந்தவ, ஈரத்துல மொளைக்கிறதைத்தானே படிப்பா" என்று பின்னாளில் அக்காவே சொல்லிச் சிரிப்பார். நான் பிறந்தது அதற்குப் பத்து வருடம் கழித்து.

அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும்போது அப்பா இறந்தார். நிலத்தைப் பார்க்க ஆள் இல்லை. பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிடலாம் என்று உறவு முழுக்க ஒரே குரலாகச் சொன்னது. அம்மா அதற்குத் தலையாட்டாததால்தான் அக்கா கும்பகோணத்துக்கு டவுன் பஸ் ஏறினார். காலையில் கல்லூரி, மாலையில் நாலு வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன். என்னுடைய பாலிடெக்னிக் படிப்பு அந்த டியூஷனில் நடந்தது. தாவரவியலில் மேல்படிப்பும், பிறகு பூஞ்சைகளில் ஆராய்ச்சியும் முடித்து, கும்பகோணத்திலேயே ஒரு கல்லூரியில் பேராசிரியை ஆனார்.

வரன் பார்க்கத் தொடங்கிய காலத்தில் பெண் என்ன படித்திருக்கிறாள் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல அம்மா மிகவும் சிரமப்பட்டார். "பூஞ்சாணம்" என்று சொன்னதும் ஒரு மாப்பிள்ளையின் தாயார் கையிலிருந்த காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அடுத்து வந்த அத்தான் மட்டும், "காளான் குழம்பு நல்லா வைப்பீங்களா?" என்று கேட்டார். அக்கா, "எந்தக் காளான்னு முதல்ல சொல்லுங்க. சிலதை வெச்சா ஒரு தடவைதான் சாப்பிட முடியும்" என்றார். அத்தான் சிரித்த சிரிப்பில் சம்பந்தம் முடிவானது.

அக்காவுடன் உட்கார்ந்து சாப்பிடுவது பெரிய சோதனை. வேர்க்கடலையை ஒவ்வொன்றாக உடைத்து முகர்ந்து பார்ப்பார். பேராவூரணியில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போன இடத்தில், கொட்டகையில் காய்ந்துகொண்டிருந்த கொப்பரையில் பச்சை படிந்ததை எல்லாம் தனியாகப் பொறுக்கிப் போட்டு, இது எண்ணெய்க்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். கல்யாண வீட்டார் முகம் சுருங்கியது. "பச்சையைச் சொரண்டிட்டா போச்சு, இதுக்குப் போயி" என்று அம்மா சமாதானம் செய்தார். "மேல தெரியுறது பூ மாதிரிம்மா. இழை உள்ளாற ஓடியிருக்கும். வெசம் நாக்குக்குத் தெரியாது, ஈரலுக்குத் தெரியும்" என்றார் அக்கா. அன்று பந்தியில் எங்கள் குடும்பத்துக்குப் பாயசம் வந்து சேரவில்லை.

அதற்காகப் பூஞ்சை என்றாலே அவருக்குப் பகை என்று நினைத்துவிடாதீர்கள். "கொல்லையில விழுற தென்ன மட்டையை மக்க வெக்கிறது யாரு? வேரோட வேரா ஒட்டிக்கிட்டு மண்ணுல இருக்குற சத்தை இழுத்துச் செடிக்குக் குடுக்குறது யாரு? நம்ம சின்ன வயசுல ஊசி போட்டு உன் காய்ச்சலை எறக்குனாங்களே, அந்த மருந்து எதுலேருந்து வந்துச்சு?" என்று அடுக்குவார். எது நல்லது, எது கெட்டது என்று பெயர் தெரிந்து பிரிப்பதற்குத்தான் இத்தனை படிப்பு என்பார். எனக்கு அதில் பெரிய நாட்டம் இல்லை. மனிதர்களில் எவன் நல்லவன், எவன் கெட்டவன் என்று பிரிக்கவே எனக்கு நேரம் போதவில்லை.

இப்போது அந்த வரப்புக்கு வருகிறேன்.

எங்கள் வயலுக்கு மேற்கே இருப்பது பெரியப்பா மகனின் வயல். மேல வயல் அண்ணன் என்று சொன்னால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு வயலுக்கும் நடுவில் ஒரே வரப்பு. வருடா வருடம் நடவுக்கு முன்னால் அவர் ஆள் வைத்து வரப்பைச் செதுக்கும்போது, ஒரு விரற்கடை மண் அவர் பக்கம் போகிறது என்பது என் சந்தேகம். அளவு நாடாவை வைத்து வரப்பின் அகலத்தை அளந்து, காலண்டரின் பின்பக்கத்தில் எழுதிவைப்பேன். சில வருடம் குறைந்திருக்கும், சில வருடம் கூடியிருக்கும். கூடியிருந்த வருடங்களில், நாடா நைந்துவிட்டது என்று புது நாடா வாங்கினேன்.

பிறகு எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அறுவடை முடிந்து இயந்திரம் சுருட்டிப் போடும் வைக்கோல் கட்டுகளைக் களத்துக்குக் கொண்டுபோகாமல், அந்த வரப்பின் நீளத்துக்கும் வரிசையாக அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடினேன். வைக்கோல் கிடக்கும் இடத்தில் மண்வெட்டி விழாது. அண்ணன் தன் வயலுக்குப் போகச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

இப்போது அறுத்த சம்பாவுக்கு ஐந்து சம்பா முந்தி அது நடந்தது. நான் போட்டிருந்தது ஆந்திரா பொன்னி. மார்கழியில் பால் பிடிக்கிற தருணம், பகல் பத்து மணி வரை பனி விலகாது. ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால், வரப்பை ஒட்டிய மூன்று மா, அதாவது ஓர் ஏக்கர் நிலத்தில் கதிரெல்லாம் வெளுத்து நிற்கிறது. உருவிப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இல்லை, அத்தனையும் சாவி, வெறும் பதர். மேல வயலில் வேறு ரகம், கரும்பச்சையாக, ஒரு குறையும் இல்லாமல் நின்றது. அதற்கு முந்தைய வாரம்தான் அண்ணன் முதுகில் ஸ்ப்ரேயரைக் கட்டிக்கொண்டு அந்த வரப்போரம் நடந்ததைப் பார்த்திருந்தேன். என்ன அடிக்கிறீர்கள் என்று கேட்டபோது, "என் வயலுக்கு அடிக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். இதற்கு மேல் என்ன வேண்டும்? என் பக்கம் களைக்கொல்லியைத் தெளித்துவிட்டார் என்று முடிவு கட்டினேன்.

அந்தச் சனிக்கிழமை அக்காவை வரவழைத்தேன். சாட்சிக்காகத்தான். அவர் வயலில் இறங்கி ஒரு கதிரைப் பிடித்து வளைத்தார். கழுத்தில் கறுத்த வளையம் இருந்த இடத்தில் அது முறிந்தது. இலைகளைத் திருப்பிப் பார்த்தார். நான் அதுவரை கவனிக்காத புள்ளிகள், இரண்டு முனையும் கூராக, நடுவில் சாம்பல் நிறமாக இருந்தன. பிறகு வரப்பேறித் தார்ப்பாயைத் தூக்கி, நனைந்த ஓரத்திலிருந்து ஒரு கை வைக்கோலை இழுத்தார்.

"அதை எதுக்குக்கா எடுக்குறீங்க?"

"எல்லாத்துலயும் எடுப்பேன். மேல வயல் இலையும் ரெண்டு எடுப்பேன்."

"அங்க என்ன இருக்கு? அடிச்சவனே அவன்தானே."

"இருக்கா இல்லையான்னு பாக்குறதுக்குத்தான்டா எடுக்குறது. இது குலைநோய் மாதிரி இருக்கு. மாதிரிதான். இன்னும் நான் எதுவும் சொல்லல."

அடுத்த வாரம் கும்பகோணத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். பின்கட்டு அறையில் சிறிய ஆய்வுக்கூடம் வைத்திருந்தார். ஈரத் தாள் விரித்த எவர்சில்வர் டப்பாக்களில் என் கதிரும் இலையும் வைக்கோலும் தனித்தனியாக இருந்தன. நுண்ணோக்கியில் என்னைப் பார்க்கச் சொன்னார். மெல்லிய இழைகளின் நுனியில் குட்டிக் குட்டிப் பேரிக்காய்கள் தொங்கின. ஒவ்வொன்றின் குறுக்கேயும் இரண்டு கோடு. அதுதான் குலைநோய்ப் பூஞ்சையின் வித்து, காற்றில் பறந்து வந்து பனித்துளியில் ஒட்டி, இலையைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும் என்றார்.

"இதை நீங்க முன்னாடியே எங்கேருந்தாவது கொண்டாந்து வெச்சிருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

வேறு யாராக இருந்தாலும் என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருப்பார்கள். அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இதாண்டா கேள்வி! நாப்பது பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்குறேன், ஒண்ணுகூட இதைக் கேட்டதில்ல. செத்த கதிர்ல ஒரு பூஞ்சை இருக்குன்னா, அதுதான் கொன்னுச்சுன்னு அர்த்தமில்ல. செத்ததுக்கு அப்புறம்கூடக் குடியேறியிருக்கலாம். அதைத் தனியா பிரிச்சு வளத்து, நல்ல செடியில விட்டுப் பாக்கணும். அதே நோய் வரணும். வந்தாத்தான் பேச்சு" என்றார்.

அப்படித்தான் நான்கு தொட்டிகள் வந்தன. அக்காவை நம்பாமல் தொட்டி மண்ணையும் விதையையும் நானே கொண்டுபோனேன். அவர் அதையும் வரவேற்றார். நாற்று வளரும் நேரத்தில், கடல்பாசி போட்டுக் கட்டியாக்கிய ஓட்ஸ் கஞ்சித் தட்டுகளில் பூஞ்சைகளைத் தனித்தனியாக வளர்த்தார். எந்தத் தொட்டிக்கு எதைத் தெளிக்கப் போகிறார் என்பதை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் என்னைக் குறுக்கே கையெழுத்துப் போடச் சொன்னார். உறையை என் கையிலேயே கொடுத்தார். "நீயே வெச்சுக்க. என்னை நம்பாதே, தொட்டியைப் பாரு. பாத்து எழுதினதுக்கு அப்புறம் பிரி" என்றார்.

பத்து நாள் கழித்துப் போனேன். மொட்டைமாடியில் தொட்டிகள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண் போட்டு நின்றன. ஒன்றாம் தொட்டி பச்சைப் பசேலென்று இருந்தது. மூன்றாம் தொட்டி நுனியிலிருந்து அடி வரை பொசுங்கி விழுந்திருந்தது. இரண்டிலும் நான்கிலும் என் வயலில் பார்த்த அதே புள்ளி, கூரான இரண்டு முனை, சாம்பல் நடு. அவர் கொடுத்த தாளில் என் கைப்படவே எழுதினேன்: இரண்டும் நாலும் என் வயல் மாதிரி, மூணு என் வயல் மாதிரி இல்லை.

"சரி, பிரி" என்றார் அக்கா.

நான் பிரிக்கவில்லை. மூன்றாம் தொட்டிதான் களைக்கொல்லி என்பது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. இரண்டு தொட்டியில் ஒன்று என் கதிர். இன்னொன்று என்ன? மேல வயல் இலையா, வைக்கோலா? வைக்கோலை அவர் கையில் எடுத்தது கண்முன் வந்து நின்றது. "வீட்ல போயிப் பிரிச்சுக்குறேன்" என்றேன். பிறகு வந்த காரியத்தைக் கேட்டேன்.

"ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்கக்கா. பேராசிரியைன்னு உங்க முத்திரையோட. களைக்கொல்லியால பாதிப்புன்னு. ஸ்டேஷன்ல மனு குடுக்கணும்."

அக்கா கைகளைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "உறையைப் பிரிச்சுக்கிட்டு வா. அதுல என்ன இருக்கோ அதை நான் எழுதித் தரேன்."

"கூடப் பொறந்தவனை விட மேல வயக்காரங்கதான் உங்களுக்குப் பெருசா?"

"தம்பி, கண்ணுக்குத் தெரியாத எதையும் மனுசன் பக்கத்து வயக்காரன் மேலதான் போடுவான். அதுக்குத்தான்டா நான் இத்தனை வருசமா இந்த நுண்ணோக்கியில குனிஞ்சு கெடக்குறேன். எனக்கு முதுகுவலி வந்ததுதான் மிச்சம்னு ஆக்கிடாத."

எழுந்து வந்துவிட்டேன். உறையைப் பிரிக்காமலே பட்டா, சிட்டா இருக்கிற இரும்புப் பெட்டிக்குள் போட்டேன். மறுநாள் காவல் நிலையத்தில் மனு கொடுத்தேன். அண்ணன் பெயரோடு அவர் மகன் பெயரையும் சேர்த்து எழுதினேன். மகன் அந்த வாரம் ஊரிலேயே இல்லை. தெரிந்தே எழுதினேன்.

அவருடைய மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை உறுதியாகியிருந்தது. பாஸ்போர்ட் விசாரணையில் என் மனு குறுக்கே நின்றது. பெயரை நீக்கி வாங்குவதற்குள் வேலை கைவிட்டுப் போயிற்று. இதைக் கேள்விப்பட்டபோது நான் வருந்தவில்லை. எழுதவே கூசுகிறது. ஆனாலும் நடந்ததை எழுதச் சொல்லியிருக்கிறாள் என் மருமகள். வேண்டும், நன்றாக வேண்டும் என்றுதான் நினைத்தேன். என் மனைவி அன்று எனக்குச் சாப்பாடு போட்டு வைத்துவிட்டு, எதிரில் உட்காராமல் உள்ளே போய்விட்டாள்.

அதன் பிறகு அக்காவிடம் பேசவில்லை. பொங்கலுக்குச் சீர் மட்டும் மனைவி கையில் கொடுத்தனுப்பினேன். வரப்பில் வருடா வருடம் புது வைக்கோல் ஏறியது. வருடா வருடம் வரப்போரம் கொஞ்சமோ நிறையவோ வெளுத்தது. ஒவ்வொரு முறையும் மேற்கே திரும்பி முறைத்தேன்.

அக்காவின் சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்காகத் தஞ்சாவூருக்குப் போய் வருகிறார் என்று தெரிந்தது. ஒரு நாள் கும்பகோணத்தில் ஒரு வேலையாகப் போனவன், அவர் தெருவில் தூரத்திலேயே நின்று பார்த்தேன். வாசலில் ஒரு வாடகைக் கார். பின் கதவைத் திறந்து, அக்காவைக் கைத்தாங்கலாகப் பிடித்து உட்காரவைத்தது மேல வயல் அண்ணனின் மகன். சிங்கப்பூர் போகவேண்டியவர், கார் ஓட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? தோன்றியது இதுதான்: ஓகோ, இவர்கள் ஆரம்பத்திலிருந்தே கூட்டு. அன்று அக்கா வரி எழுதித் தராததற்குக் காரணம் இப்போதல்லவா தெரிகிறது! நெஞ்சில் ஒரு திருப்தியோடு பஸ் ஏறினேன். சந்தேகம் பிடித்தவனுக்குக் கண் நன்றாகத்தான் தெரியும்.

மாசிக் கடைசியில் மருமகள் போன் செய்தாள். "வந்து பாக்குறதுன்னா இப்ப வாங்க மாமா" என்றாள். போனேன். அக்கா பாதியாகிவிட்டிருந்தார். கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்தான் கேட்டார்.

"உறையைப் பிரிச்சியா?"

"இல்லக்கா."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "சரி. ஈரத்துல வெச்சிராத. பூஞ்சை புடிச்சிரும்" என்றார். அதுதான் அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. பங்குனி பிறந்து நாலாம் நாள் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீட்டுக்கு வந்து இரும்புப் பெட்டியைத் திறந்தேன். அவர் சொன்னது நடந்திருந்தது. உறையின் ஒரு மூலையில் சாம்பல் புள்ளிகள் படர்ந்திருந்தன. ஒட்டிய இடத்தின் குறுக்கே என் கையெழுத்து அப்படியே இருந்தது. யாரும் பிரிக்கவில்லை என்று வெளிச்சத்தில் பிடித்து உறுதி செய்துகொண்டேன். பழக்கம் விடவில்லை. பிறகு கிழித்தேன். உள்ளே இருந்ததை எழுத்து மாற்றாமல் இங்கே தருகிறேன்.

"1. வெறும் தண்ணீர்.
2. உன் கதிரில் எடுத்த பூஞ்சை.
3. களைக்கொல்லி.
4. வரப்பு வைக்கோலில் எடுத்த பூஞ்சை.
மேல வயல் இலையில் எனக்கு இந்தப் பூஞ்சை கிடைக்கவில்லை; ரகம் வேறு என்பதும் காரணமாகலாம். நாலாம் தொட்டியிலும் அதே புள்ளி வந்தால், என் சந்தேகம் வைக்கோல் மேல். உறுதியாகச் சொல்ல முடியாது. விதையிலும் வந்திருக்கலாம். வைக்கோலை எடுத்துவிட்டு, வேறு எதையும் மாற்றாமல், ஒரு சம்பா பார்க்க வேண்டும். நீ ஒத்துழைத்தால்."

பக்கத்து வயல்காரர் மண்ணைத் திருடுவார் என்று நான் அடுக்கிய வைக்கோல் அது. முந்தைய போகத்து நோயை அதில் நான்தான் பத்திரமாகத் தார்ப்பாய் போட்டு மூடிக் காப்பாற்றி வைத்திருக்கிறேன். நான்கு வருடம் இந்தத் தாள் என் வீட்டிலேயே இருந்தது. அக்கா உயிரோடு இருந்தார், பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்தார். "நீ ஒத்துழைத்தால்" என்று என்னை ஒரு சக ஆராய்ச்சிக்காரனைக் கேட்பது போலக் கேட்டிருக்கிறார். நான் அழுதேன். அதை மறைக்க வேண்டியதில்லை.

மறுநாள் காலை உறையையும் தாளையும் எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலிலேயே நிறுத்தினார்.

"என்னப்பா, இன்னொரு மனுவா?"

"இல்லண்ணே. இதைப் படிங்க."

படித்தார். உறையைத் திருப்பிக் கையெழுத்தைப் பார்த்தார். "இது உன் கையெழுத்துதானா?" என்றார். அந்தக் கேள்வி எனக்கு வேண்டியதுதான். நிலைக்கதவில் சாய்ந்தபடி அவர் சொன்னார்: "அன்னிக்கு நான் அடிச்சது சூடோமோனாஸ், குலைநோயைத் தடுக்குற உயிர் மருந்து. தங்கச்சிதான் வாங்கிக் குடுத்துச்சு. வரப்புல கெடக்குற வைக்கோலைப் பாத்துட்டு, அண்ணே இது பரவும்போலத் தெரியுது, நீங்க முந்திக்குங்க, தம்பிக்கும் சொல்லியிருக்கேன் அவன் கேக்க மாட்டேங்குறான்னு சொல்லுச்சு. நீ கேட்டப்ப இதைச் சொன்னா, எனக்கும் உங்க அக்காவுக்கும் சேத்து ஒரு கதை கட்டுவே. அதான் நானும் சொல்லல, தங்கச்சியும் சொல்லல."

அக்கா எனக்கும் சொல்லியிருந்தாராம். யோசித்துப் பார்த்தேன். அந்த ஐப்பசியில் போனில் வைக்கோலைப் பற்றி ஏதோ சொன்னார். வைக்கோலை எடுக்கச் சொல்லி அண்ணன்தான் தூண்டிவிடுகிறார் என்று நினைத்துப் போனை வைத்தது நான்.

அன்றே காவல் நிலையத்துக்குப் போய் மனுவைத் திரும்பப் பெற எழுதிக் கொடுத்தேன். வரப்பு வைக்கோல் முழுவதையும் இறக்கி, அக்கா தன் நோட்டில் எழுதியிருந்தபடி டிரைக்கோடெர்மா தூவிக் குழியில் மக்கவைத்தேன். அதுவும் ஒரு பூஞ்சைதான், ஆனால் நம் பக்கத்துப் பூஞ்சை. இந்தச் சம்பாவில் அதே ஆந்திரா பொன்னி, அதே தேதி, அதே யூரியா. யூரியா கூடினாலும் குலைநோய் வரும், கொஞ்சம் குறைக்கலாமே என்று கை துடித்தது. வேறு எதையும் மாற்றாமல் என்று எழுதியிருந்ததால் கையைக் கட்டிக்கொண்டேன். மார்கழி முழுவதும் தினமும் வரப்போரம் குனிந்து கதிர்க் கழுத்துகளைப் பார்த்தேன். எனக்கும் முதுகுவலி வந்தது. வெளுத்த கதிர் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது.

அக்கா சொன்னது மெய்யாகிவிட்டது என்று இங்கே கொட்டை எழுத்தில் போட்டுவிடலாம். அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். இந்த வருடம் பனி குறைவு, அதனாலும் இருக்கலாம். இன்னும் இரண்டு சம்பா பார்க்க வேண்டும். பார்ப்பேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். இரவு பகல் பாராமல் பணிவிடை செய்த அத்தான். மருமகள். மூன்று முறை கேட்டும் முகம் சுளிக்காத மருத்துவர், ஊசி குத்தும் முன் ஒவ்வொரு முறையும் அக்காவிடம் மன்னிப்புக் கேட்ட செவிலியர்கள். அக்காவின் தட்டுகளையும் குறிப்பேடுகளையும் பத்திரமாக எடுத்து வைத்த கல்லூரி நண்பர்கள். நான்கு வருடம் என்னைப் பொறுத்துக்கொண்ட என் மனைவி.

கடைசியாக மேல வயல் அண்ணனும் அவர் மகனும். அக்காவை வாரம் இருமுறை தஞ்சாவூருக்கு அழைத்துப் போய், மழை நாளிலும் ஒரு முறை தவறாமல் வீட்டில் கொண்டுவந்து விட்டவர் அந்த மகன். அண்ணே, நீங்கள் என் வயலில் எதையும் தெளிக்கவில்லை. உங்கள் மகன் அன்று ஊரில் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே பொய் எழுதினேன். அந்த மனுவை ஸ்டேஷனில் நாலு பேர் படித்தார்கள். இந்த மலரை நம் உறவு முழுவதும் படிக்கும் என்பதால்தான் இதை இங்கே எழுதுகிறேன். என்னை மன்னியுங்கள்.

வைக்கோல் போன பிறகு வரப்பு வெறுமனே கிடக்கிறது. அளப்பதை விட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான். பொய்யாகிவிடும். போன வாரமும் அளந்தேன். நாடாவின் மறுமுனையை அண்ணன் பிடித்துக்கொண்டார்.